வாலியை நிறுத்திய பாட்டு

பாடகர் பி.பி.ஸ்ரீநிவாஸ் குரல் யாரையும் அதட்டாது. பக்கத்தில் உட்கார்ந்து பேசும். நடிகர் ஜெமினி கணேசனின் திரைக் காதலுக்கு அந்தக் குரல்தான் உயிர்.

எங்க முசிறியிலிருந்து காவிரியோடு கீழே போனால் ஸ்ரீரங்கம், அந்தக் குரல் தடுத்து நிறுத்திய கவிஞர் வாலியின் ஊர். பாட்டெழுத வாய்ப்பில்லாமல் சென்னையை விட்டு அவர் கிளம்ப இருந்தபோது, பார்க்க வந்த பி.பி.எஸ். தான் புதிதாகப் பாடிய பாட்டைப் பாடிக் காட்டினார். 'சுமைதாங்கி' (1962) படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய 'மயக்கமா கலக்கமா'. இசை, விஸ்வநாதனும் நம்ம திருச்சி ராமமூர்த்தியும். அதைக் கேட்ட வாலி ஊர் திரும்பவில்லை. இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஒரு கவிஞரின் வரி, ஒரு பாடகரின் குரலில் போய் இன்னொரு கவிஞரை நமக்குக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. பிள்ளைகளுக்குப் பாட்டைப் போட்டுக் காட்டும்போது, பாடியவரோடு எழுதியவர் பெயரையும் சொல்லுங்கள்.