டிவி வெளிச்சமும் அம்மாவின் தறியும்

எங்கள் வீட்டில் தறி இருக்கும் அறையிலேதான் டிவியும் இருக்கிறது. முன்னே இருந்தது, அரசு 2006-ல் கொடுக்க ஆரம்பித்த 14 இஞ்ச் இலவச கலர் டிவி. பழசாகி மங்கலாயிடுச்சு, அதனால் லைட்டை நிறுத்திட்டுத்தான் பார்ப்போம். புது எல்.இ.டி. வந்தும் அந்தப் பழக்கம் போகலை.

அம்மா சீரியல் பார்த்துவிட்டு தறியில் உட்கார்ந்தால் "இழையே தெரியலைடி" என்பாங்க. ஒருநாள் பாவு இழை அறுந்தது தெரியாமலே நெய்துவிட்டாங்க. சேலையில் கோடு விழுந்தது, கூலியில் 200 ரூபாய் போச்சு. "கண்ணாடி போடணும்" என்றார் அப்பா.

எனக்கு அறிவியல் பாடம் ஞாபகம் வந்தது. அதிக வெளிச்சத்தில் கண் பாப்பா சுருங்கும். பிறகு மங்கலான இடத்துக்குப் பழக நேரமாகும். ரிமோட்டை அமுக்கிப் பார்த்தால் 'விவிட்', பேக்லைட் 100! சேத்துப்பட்டு பஜாரில் டிவி வாங்கின கடையிலே அத்தனை டியூப்லைட். அங்கே பளிச்சென்று தெரிய அது சரி, எங்கள் வீட்டுக்கு எதுக்கு?

முதலில் பிரைட்னஸைக் குறைத்தேன். நடிகைகளின் தலைமுடியெல்லாம் ஒரே கறுப்பாகிவிட்டது, கண்கூச்சம் மட்டும் அப்படியே இருந்தது. பேக்லைட்டை 30-க்கு இறக்கின பிறகுதான் சரியானது. இப்போ டியூப்லைட்டையும் அணைப்பதில்லை. பகலில் கதவு திறந்திருந்தால் மட்டும் 70 வேணும். தம்பி கிரிக்கெட்டுக்கு ஏற்றிவிடுவான், பொழுது போனதும் நான் இறக்கணும். தினமும் இதுதான் சண்டை.

நேற்று ராத்திரி அம்மா டிவி முன்னாலிருந்து எழுந்து போனாங்க. அறுந்த இழையை உடனே கண்டுபிடித்து முடிச்சுப் போட்டாங்க.