விசாரிக்காமல் தறித்த வேம்பு

எங்கட வளவில் நின்ற வேம்பை 2024இல் தறித்தோம். குற்றச்சாட்டு ஒன்றுதான்: மதில் வெடித்திருந்தது. "வேர்தான் பிளக்குது, தறிச்சு விடுங்கோ" என்றார் மேசன். அம்மம்மா மட்டும், "ஒருக்காக் கிண்டிப் பாத்திட்டுச் சொல்லலாமே தம்பி?" என்று கேட்டா. கிண்டினால் வேர் அறும், மரம் எப்படியும் பட்டுப்போகும் என்று மற்ற எல்லாரும் மேசன் பக்கம் நின்றோம். நானும்தான்.

புது மதிலுக்கு அத்திவாரம் வெட்டேக்க, அந்த இடத்தில் இருந்தது விரல் மொத்தத்தில் இரண்டு வேர். பெரிய வேரெல்லாம் கிணத்துப் பக்கம் போயிருந்தது. அம்மம்மா வந்து பார்த்தா. ஒண்டும் சொல்லேல்ல.

2025 ஆகஸ்டில் செம்மணியில் தரையை ஊடுருவும் ரேடாரால் சோதனை செய்தார்கள். அங்கே தேடியது வேறு. அதை ஒரு மரத்தோடு ஒப்பிட எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் கருவியைப் பற்றித் தேடி வாசிக்கும்போதுதான், மர வேர் பார்க்கவும் அதைப் பாவிக்கிறார்கள் என்று தெரிந்தது. செக் நாட்டு ஆய்வாளர்கள் ஓக் மர வேர்களை இப்படி வரைந்து, 1999இலேயே கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

புல்லு வெட்டுற மெசின் மாதிரி ஒரு கருவி. அதை மரத்தைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தள்ளவேணும். அது மண்ணுக்குள் ரேடியோ அலைகளை அனுப்பும். வேரின் ஈரமும் மண்ணின் ஈரமும் ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தில் பட்டு அலை திரும்பும். திரும்ப எடுத்த நேரத்தை வைத்து ஆழத்தைக் கணிக்கலாம். திரையில் வேர் வேராகத் தெரியாது, கவிழ்த்த வில் மாதிரி ஒரு வளைவுதான் தெரியும். அடுத்தடுத்த வட்டங்களில் வருகிற வளைவுகளைத் தொடுத்தால், வேர் போன பாதை.

எல்லாம் பிடிபடாது. மெல்லிய வேர் தப்பிவிடும். ஈரக் களிமண் அலையைக் குடித்துவிடும். கல்லும் வளைவாகத்தான் தெரியும். ஆனால் மதிலைத் தள்ளுகிற அளவுக்குப் பெரிய வேர் அங்கே இருக்கா இல்லையா? எங்களுக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான்.

எங்கட ஊர் வேம்புக்காக அந்த மெசின் வந்திருக்காது, தெரியும். அம்மம்மா கேட்டதும் மெசின் இல்லையே. மதில் ஓரமாக ஒரு முழம் கவனமாகக் கிண்டியிருந்தால் போதும். அந்தப் பொறுமைகூட எங்களிடம் இருக்கேல்ல.

மதில் இப்ப வெடிப்பில்லாமல் நிற்கிறது. அம்மம்மா இன்னும் அதே இடத்தில்தான் கதிரை போடுவா. ஒன்பது மணிக்கு வெயில் வந்ததும் எழும்பி உள்ளே போயிடுவா.