ஒரு சொல்லின் எடை



2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபோது எங்கள் மக்தபின் கதவையும் பூட்டினோம். காலையும் மாலையும் பிள்ளைகள் ஓதும் ஒலியால் நிறைந்திருந்த கூடம் ஒரே நாளில் ஊமையாயிற்று. சில நாட்கள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு பெற்றோரின் கைபேசிகளைக் கொண்டு ஒரு வாட்ஸ்அப் குழுவை அமைத்துப் பாடத்தைத் தொடர்ந்தேன். பிள்ளைகள் ஓதிப் பதிவு செய்து அனுப்புவார்கள். நான் கேட்டுத் திருத்தி அனுப்புவேன்.

அத்துடன் மற்றொரு வேலையும் கொடுத்தேன். ஒவ்வொரு பிள்ளையும் நாள்தோறும் காலையில், தன் மனம் எப்படி இருக்கிறது என்று ஒரே ஒரு சொல்லில் எழுத வேண்டும். கல்லூரியில் வரலாறு படித்த பழக்கமோ என்னவோ, எதையும் குறித்து வைக்கும் வழக்கம் எனக்குண்டு. ஒரு நோட்டில் பெயர்களை வரிசையாக எழுதி, மகிழ்ச்சிச் சொல்லுக்கு ஒரு குறியும், துயரச் சொல்லுக்கு ஒரு குறியும், இரண்டுமற்றதற்கு ஒரு வட்டமும் இட்டு வந்தேன். பிள்ளைகளின் உள்ளத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பதாகவே எனக்கு எண்ணம்!

இச்சிறு நோட்டில் நான் செய்ததையே, பேரறிஞர்கள் பெருங்கணினிகளைக் கொண்டு உலகளவில் செய்து கொண்டிருந்தார்கள் என்பதைப் பின்னர் படித்தறிந்தேன்.

அமெரிக்காவின் வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் டாட்ஸ், கிறிஸ் டான்ஃபோர்த் என்னும் இரு கணித அறிஞர்கள் 'ஹெடோனோமீட்டர்' என்றொரு கருவியை உருவாக்கியிருந்தார்கள். மகிழ்ச்சிமானி என்று அதனைத் தமிழில் அழைக்கலாம். அன்று ட்விட்டர் என வழங்கிய தளத்தில் மக்கள் எழுதியவற்றுள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை, அதாவது நாளொன்றுக்குச் சுமார் 5 கோடிப் பதிவுகளை, அது நிறுத்துப் பார்த்தது. நிறுக்கும் முறை எளியது. சுமார் 10,000 ஆங்கிலச் சொற்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் 50 பேரிடம் காட்டி, 1 முதல் 9 வரை மதிப்பெண் இடச் செய்தார்கள். 'சிரிப்பு' என்ற சொல் 8.50 பெற்றது. 'பயங்கரவாதி' என்ற சொல் 1.30 பெற்றுக் கீழே கிடந்தது. நடுத்தரச் சொற்களை விலக்கிவிட்டு, எஞ்சியவற்றின் சராசரியை எடுத்தால் அதுவே அன்றைய நாளின் மகிழ்ச்சி அளவு.

உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்ததற்கு மறுநாளான 2020 மார்ச் 12, அதுவரை அக்கருவி கண்ட நாட்களிலெல்லாம் மிகத் துயரமான நாளாகப் பதிவாயிற்று. காவலரின் முழங்காலின் கீழ் ஜார்ஜ் ஃபிளாய்ட் உயிரிழந்த சில நாட்களில், மே 31 அன்று, அளவு அதனினும் கீழே இறங்கியது.

நோய் முதலில் தோன்றிய சீனத்திலும் இத்தகைய ஆய்வு நடந்தது. வெய்போ என்னும் சமூக ஊடகத்தில் 17,865 பேர் எழுதியவற்றைச் சீன அறிவியல் கழகத்தின் உளவியல் ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். இந்நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் என்று 2020 ஜனவரி 20 அன்று வெளிப்படையாகக் கூறப்பட்டது. அதற்கு முந்தைய வாரத்தையும் பிந்தைய வாரத்தையும் ஒப்பிட்டபோது, கவலையும் சோர்வும் சினமும் ஏறியிருந்தன, மகிழ்ச்சி குறைந்திருந்தது. பொழுதுபோக்கையும் நண்பர்களையும் பற்றிய பேச்சு சுருங்கி, உடல்நலத்தையும் குடும்பத்தையும் பற்றிய பேச்சு பெருகியிருந்தது. மரணம் வாசலுக்கு வந்தால் மனிதன் எதை நினைப்பான் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

இவ்வாய்வுகளால் பயனில்லை என்று நான் கூறவரவில்லை. வீடு வீடாகச் சென்று கேட்க இயலாத காலத்தில், மக்களின் அச்சம் எப்போது ஏறுகிறது, எதனால் ஏறுகிறது என்று அறிந்தால்தான் ஆறுதலும் சரியான செய்தியும் உரிய நேரத்தில் போய்ச் சேரும். ஆயினும், என் நோட்டு எனக்குக் கற்றுத் தந்த பாடத்தை உங்களிடம் சொல்லாமல் இருக்க இயலவில்லை.

ரமலான் வந்தது. பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்ச வழியில்லாததால், அதற்குரிய அரிசியை வீடுகளுக்கே பங்கிட்டுக் கொடுத்தார்கள். முகக்கவசம் அணிந்து, ஜமாஅத்தாருடன் நானும் தெருத்தெருவாகச் சென்றேன். எங்கள் நெல்லைச் சீமையில் பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் அதிகம். அத்தகைய ஒரு வீட்டின் கதவைத் தட்டினோம். என் மாணவன் வந்து திறந்தான். பத்து வயதுப் பிள்ளை.

அவனுடைய வாப்பா கர்நாடகத்தில் சில்லறை வியாபாரம் செய்பவர். ஊரடங்கில் அங்கேயே அகப்பட்டுக் கொண்டார். பீடிக்கடை மூடிவிட்டதால் உம்மாவுக்கு இலையும் இல்லை, தூளும் இல்லை, கூலியும் இல்லை. வீட்டிலிருந்த கைபேசிக்குப் பணம் போட முடியாமல், பக்கத்து வீட்டுக் கைபேசியிலிருந்துதான் அவன் பாடம் அனுப்பி வந்தான் என்பதையே அன்றுதான் அறிந்தேன். மூன்று நாட்களாக அவர்கள் சஹருக்கு அருந்தியது வெறும் வடிகஞ்சி.

வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்தேன். அவன் பெயருக்கு நேரே, முதல் நாளிலிருந்து அன்று வரை, ஒரு நாள் தவறாமல் மகிழ்ச்சிக் குறி! ஏனெனில் அவன் நாள்தோறும் எழுதிய சொல் 'அல்ஹம்துலில்லாஹ்'.

மறுநாள் அவனைக் கேட்டேன்: "ஏனப்பா, இவ்வளவு கஷ்டத்தை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? தினமும் அல்ஹம்துலில்லாஹ் என்றுதானே எழுதினாய்?"

"நீங்கதானே ஹஜ்ரத் சொல்லித் தந்தீங்க, யாரு எப்படி இருக்கேன்னு கேட்டாலும் அதைத்தான் முதல்ல சொல்லணும்னு?" என்றான்.

நான் வாயடைத்துப் போனேன். அதே நோட்டில், ஒரு சிறுமி 'அழுகை' என்று எழுதிய நாளில் நான் பதறிப்போய் அவள் வீட்டுக்குப் பேசியிருக்கிறேன். அவள் வளர்த்த பூனை காணாமற் போயிருந்தது, மாலைக்குள் வந்துவிட்டது. பூனைக்காக அழுதவளை என் கணக்குக் கண்டுகொண்டது, பசித்திருந்தவனைக் காணவில்லை.

வாசகர்களே, அல்ஹம்துலில்லாஹ் என்ற சொல்லுக்கு 1 முதல் 9 வரை எந்த எண்ணை இடுவீர்கள்? குழந்தை பிறந்தாலும் அதைச் சொல்கிறோம். நோயில் கிடந்தாலும் சொல்கிறோம். சொன்னவர் முகத்தையும் அவர் அடுப்பங்கரையையும் பாராமல் அச்சொல்லின் எடையை அறிய வழியில்லை. தம் கருவி பெருந்திரளின் பேச்சுக்கே உரியது, ஒரு தனி வாக்கியத்தை நிறுக்க ஏற்றதன்று என்று மகிழ்ச்சிமானியைச் செய்தவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். அந்த அடக்கம் என்னிடம் இல்லாமற் போயிற்று.

பேசாதவர்களின் துயரமும் கணக்கில் ஏறுவதில்லை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2019-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அந்நாட்டு ட்விட்டர் பயனாளிகளுள் பத்தில் ஒரு பங்கினரே பதிவுகளில் 80 விழுக்காட்டை எழுதினார்கள். மூட்டையைத் தலையில் சுமந்து சாலை சாலையாக நடந்து ஊர் திரும்பிய நம் நாட்டுத் தொழிலாளிக்கு, தன் துயரத்தைப் பதிவிட நேரமேது?

மறுபுறம், உரத்த குரல் ஒன்றுக்குப் பத்தாகக் கேட்கிறது. அந்த மார்ச் மாத இறுதியில், கொரோனாவையும் நம் சமுதாயத்தையும் இணைத்துப் புனைந்த வெறுப்புச் சொல் ஒன்று ஒரே வாரத்தில் ட்விட்டரில் ஏறத்தாழ 3 லட்சம் முறை இடம்பெற்றதாக டைம் இதழ் எழுதியது. அதைப் படித்திருந்தால் அயலார் அனைவரும் நம்மை வெறுக்கிறார்கள் என்றே எண்ணியிருப்போம். ஆனால் அந்த வாரத்திலும் எங்கள் தெருவுக்குக் காய்கறி கொண்டு வந்த முருகபக்தரான வியாபாரி, "பணம் பிறகு தாருங்கள் பாய்" என்று சொல்லி, ஒவ்வொரு வாசலிலும் பையை வைத்துவிட்டுத்தான் போனார். அவர் ட்விட்டரில் இல்லை. 3 லட்சம் முறை எழுதப்பட்ட ஒரு சொல், 3 லட்சம் உள்ளங்கள் அல்ல. அவ்வாண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, தப்லீக் மாநாட்டுக்கு வந்த 29 வெளிநாட்டினர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகத் தெரிகிறது என்று கூறியது. ஆனால் அத்தீர்ப்பு, முன்பு வெறுப்பைப் படித்தவர்களுள் எத்தனை பேரைச் சென்றடைந்திருக்கும்?

அந்த நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. மக்தப் மீண்டும் திறந்த நாள்முதல், 'எப்படி இருக்கிறாய்?' என்ற கேள்வியோடு நான் நிறுத்துவதில்லை. 'அல்ஹம்துலில்லாஹ்' என்று பிள்ளை சொன்னதும், 'காலையில் என்ன சாப்பிட்டாய்? வாப்பா ஊரில் இருக்கிறாரா?' என்று இரண்டாவதாகவும் கேட்கிறேன். முதற் கேள்விக்கு வரும் விடை இறைவனுக்குரிய நன்றி. இரண்டாவது கேள்விக்கு வரும் விடைதான் எனக்குரியது.

உங்கள் கைபேசியிலும் இன்று காலை யாரேனும் 'நலம், அல்ஹம்துலில்லாஹ்' என்று எழுதியிருப்பார்கள். இந்த இதழை மூடி வைத்துவிட்டு, அவர்களை ஒருமுறை அழைத்துக் குரலைக் கேளுங்கள். அருகில் இருப்பவராயின், ஒரு நடை போய்ப் பார்த்து வாருங்கள்.