சமன் என்று எழுதிவைத்த வெற்றி



போன வாரம் நம் பள்ளி வாட்ஸாப் குழுவில் ஒரு சண்டை. 2019 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் எப்போதோ முடிந்த கதை. இரண்டு அணியும் 241, சூப்பர் ஓவரிலும் 15க்கு 15. கடைசியில் பவுண்டரிகளை எண்ணி இங்கிலாந்துக்குக் கோப்பையைக் கொடுத்தார்கள். அது நியாயமா இல்லையா என்று இரவு பன்னிரண்டு வரை அடித்துக்கொண்டீர்கள். "சார், நீங்க தீர்ப்பு சொல்லுங்க" என்று ஒருவன் என்னையும் இழுத்துவிட்டான். கிரிக்கெட்டைப் பற்றிச் சொல்ல என்னிடம் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் சமனான ஆட்டத்தை எப்படி முடிப்பது என்பதற்கு அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியில் நான் கண்ட வழிகளைச் சொல்கிறேன். சிரிக்காதீர்கள். கரிசல் காட்டு வாத்தியாருக்கும் பனிக்கட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று என் வீட்டுக்காரியே கேட்டாயிற்று.

2020 பிப்ரவரியில் பாஸ்டனில் மகள் வீட்டில் இருந்தோம். அந்த ஊரில் பிப்ரவரியின் முதல் இரண்டு திங்கட்கிழமைகளில் நான்கு கல்லூரிகள் மோதும். ஹார்வர்ட், பாஸ்டன் கல்லூரி, பாஸ்டன் பல்கலைக்கழகம், நார்த்ஈஸ்டர்ன். 1952 டிசம்பரில் ஆரம்பித்த போட்டி. பெயர் பீன்பாட், அதாவது பீன்ஸ் வேகவைக்கிற பானை. கோப்பையும் பானைதான். நம் ஊரில் பொங்கல் பானையைக் கோப்பையாகக் கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. மாப்பிள்ளை நார்த்ஈஸ்டர்னில் படித்தவர், அதனால் வீட்டில் வேறு சேனல் ஓடாது.

அந்த இறுதி ஆட்டத்தில் நார்த்ஈஸ்டர்ன் 4-3 என்று முன்னால் இருந்தது. முடிய 1.2 வினாடி. மாப்பிள்ளை எழுந்து கையைத் தூக்கிவிட்டார். அந்த 1.2 வினாடி மிச்சமிருக்கும்போது பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ட்ரெவர் ஸெக்ரஸ் கோல் போட்டு 4-4 ஆக்கினான். தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மாப்பிள்ளை தலையில் வைத்துக்கொண்டார். பிறகு கூடுதல் நேரம். முதலில் ஐந்து நிமிடம், கோல் இல்லை. அடுத்து இருபது நிமிட ஆட்டம், முதல் கோல் விழுந்ததும் முடிந்துவிடும். அதில் ஜோர்டன் ஹாரிஸ் போட்ட கோலில் நார்த்ஈஸ்டர்ன் ஜெயித்தது. தொடர்ந்து மூன்றாவது வருடமாகப் பானை அவர்களுக்கு.

இதற்கு மேல்தான் எனக்குச் சுவாரசியம். மறுநாள் காலையில் மாப்பிள்ளை, "மாமா, நேத்து நாங்க ஜெயிச்சோம்ல, கணக்குல அது டை" என்றார். விளையாட்டு என்று நினைத்தேன். உண்மைதான். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. சங்கத்தின் ஏட்டில் அந்த ஆட்டம் சமன். காரணம், சாதாரண ஆட்டத்துக்கு அவர்கள் ஏற்றுக்கொள்ளும் கூடுதல் நேரம் ஐந்து நிமிடம் மட்டுமே. அதற்குப் பிறகு நடந்தது பானைக்காக நடந்தது, ஏட்டுக்காக அல்ல. இதில் இன்னொரு வேடிக்கை. முந்தைய திங்களன்று அரையிறுதியில் பாஸ்டன் பல்கலைக்கழகம் பாஸ்டன் கல்லூரியை இதேபோல இரண்டாவது கூடுதல் ஆட்டத்தில் ஜெயித்திருந்தது. ஒன்றில் ஜெயித்து ஒன்றில் தோற்றார்கள். ஏட்டில் இரண்டுமே சமன்.

முப்பது வருடம் கணக்குப் பாடம் எடுத்தவனுக்கு இது முதலில் எரிச்சலாக இருந்தது. யோசிக்க யோசிக்கப் பிடித்துப்போனது. பானை யாருக்கு என்பது ஒரு கேள்வி. ஆடவேண்டிய நேரத்துக்குள் யார் பெரியவர் என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் ஒரே விடை இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருபது நிமிடமாக மூன்று பகுதி, மொத்தம் 60 நிமிடம். சமனானால், சாதாரண சீசன் ஆட்டத்தில் ஐந்து நிமிடம் கூடுதல். 2020-21 முதல் அந்த ஐந்து நிமிடத்தில் கோல்கீப்பர் போக ஒரு பக்கத்துக்கு மூன்று பேர்தான். தளம் காலியாக இருப்பதால் கோல் சீக்கிரம் விழும் என்ற எண்ணம். அப்போதும் விழாவிட்டால் சமன். பல லீக்குகளில் அதன் பிறகு ஒருவருக்கு ஒருவர் என்று ஷூட்அவுட் வைப்பார்கள். அது லீக் புள்ளிக்கு மட்டும், தேசிய ஏட்டில் சமன் சமன்தான். வெள்ளி ஓர் ஆட்டம், சனி ஓர் ஆட்டம், திங்கள் வகுப்பு என்று ஓடும் பிள்ளைகளை நள்ளிரவு வரை ஆடவைக்க வேண்டாம் என்பதும் நியாயம்தானே.

தேசியப் போட்டி வந்துவிட்டால் கதை வேறு. அங்கே ஒருவர் வீட்டுக்குப் போயே ஆக வேண்டும். ஷூட்அவுட் கிடையாது, ஆள் குறைப்பும் கிடையாது. முழு அணியோடு இருபது இருபது நிமிடமாக, கோல் விழும் வரை ஆட்டம். இடையிடையே ஸாம்போனி வண்டி வந்து பனித்தளத்தை வழவழப்பாக்கிவிட்டுப் போகும்.

2021 மார்ச் 27. நாங்கள் ஊர் திரும்பி, கொரோனாவில் வீட்டுக்குள் கிடந்த காலம். ஃபார்கோ நகரில் நார்த் டகோட்டாவுக்கும் மினசோட்டா டுலூத்துக்கும் ஆட்டம். டுலூத் 2-0 என்று முன்னால் இருந்தது. கடைசி இரண்டு நிமிடத்துக்குள் நார்த் டகோட்டா இரண்டு கோல் போட்டுச் சமன் செய்தது. மாப்பிள்ளையிடமிருந்து செய்தி வந்துகொண்டே இருந்தது. "மாமா, இன்னும் முடியல." நான் குளித்துவிட்டு வந்தேன். "இன்னும் முடியல." முதல் கூடுதல் ஆட்டத்தில் டுலூத் ஒரு கோல் போட்டுக் கொண்டாடியும்விட்டது. வீடியோவைப் பார்த்து ஆஃப்சைடு என்று ரத்து செய்தார்கள். 57 பந்துகளைத் தடுத்த (பந்து என்று பழக்கத்தில் சொல்கிறேன், அது ரப்பர் வட்டு) டுலூத் கோல்கீப்பர் ஸாக் ஸ்டெஸ்கால் தசைப்பிடிப்பில் வெளியே போக, ரயன் ஃபாண்டி உள்ளே வந்தான். ஐந்தாவது கூடுதல் ஆட்டத்தில் லூக் மைலிமோக் என்ற முதலாண்டு மாணவன் போட்டான் கோலை. மொத்தம் 142 நிமிடம் 13 வினாடி. தேசியப் போட்டி வரலாற்றில் அதைவிட நீண்ட ஆட்டம் அதற்குமுன் இல்லை.

இந்த டுலூத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1984 இறுதி ஆட்டத்தில் நான்கு கூடுதல் ஆட்டம் வரை போய் பௌலிங் கிரீனிடம் 5-4 என்று தோற்றவர்கள். முதல் பட்டம் கிடைக்க 2011 ஆயிற்று. அதுவும் கூடுதல் நேரத்தில், மிச்சிகனை 3-2 என்று ஜெயித்து.

மாசசூசெட்ஸ் கதை இதற்கு நேர் எதிர். 2015இல் லீக் ஆட்டத்தொடரில் நாத்ரதாம் பல்கலைக்கழகத்தோடு 151 நிமிடம் 42 வினாடி ஆடி 4-3 என்று ஜெயித்தார்கள். தேசியப் போட்டி, லீக் போட்டி எல்லாம் சேர்த்து அன்றைக்கு அதுதான் கல்லூரி ஹாக்கியில் மிக நீண்ட ஆட்டம். ஆனால் மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டிய தொடர் அது. அடுத்த இரண்டையும் தோற்று வெளியேறினார்கள். பாவம்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 1987 கோஷ்டிக்குத் தெரியும். மாவட்ட ஹாக்கி இறுதி. நம் பையன்கள் 1-1. கூடுதல் நேரமும் ஓடிவிட்டது, கோல் இல்லை. இருட்டத் தொடங்கிவிட்டது. நடத்தியவர்கள் நாணயத்தைச் சுண்டினார்கள். நமக்கு விழவில்லை. நாளை காலை வந்து ஆடுகிறோம் என்று நானும் பி.டி. மாஸ்டரும் கெஞ்சிப் பார்த்தோம். மைதானம் நாளைக்கு இல்லை என்றார்கள். 1968 ஐரோப்பியக் கால்பந்து அரையிறுதியிலேயே இத்தாலியையும் சோவியத்தையும் நாணயம்தான் பிரித்தது என்று பின்னால் படித்தேன், அதனால் வயிறு குளிரவில்லை.

நம் கோல்கீப்பர் அந்த வருடம் ஒரு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் மனு போட்டிருந்தான். முதலிடச் சான்றிதழ் கேட்டார்கள். அவன் கையில் இருந்தது இரண்டாமிடம். அதில் 1-1 என்று எங்கேயும் இல்லை, நாணயம் என்றும் இல்லை. இடம் கிடைக்கவில்லை. தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனான். இன்று லாரி புக்கிங் வைத்து நன்றாக இருக்கிறான், பேரன் எடுத்துவிட்டான், இதையும் படிப்பான். அன்று பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது இதுதான்: "ரெண்டாவது கோலை நான் விடவே இல்ல சார்."

அந்தச் சான்றிதழில் "சமன்" என்று ஒரு சொல் இருந்திருந்தால் போதும் என்று பல வருடம் நினைத்திருக்கிறேன். பாஸ்டன்காரர்கள் ஏட்டில் எழுதிவைக்கிறார்களே, அதுதான். பானையை யார் வேண்டுமானாலும் கொண்டுபோகட்டும்.

சரி, தீர்ப்பு கேட்டீர்கள். பவுண்டரி எண்ணுவது எனக்குச் சம்மதமில்லை. அந்த விதியை ஐ.சி.சி.யே அதே வருடம் எடுத்துவிட்டது. ஷூட்அவுட் நாணயத்தைவிடத் தேவலை, ஆடுகிறவன் கையில் ஏதோ இருக்கிறது. ஆனாலும் 2023 பீன்பாட் இறுதியை நார்த்ஈஸ்டர்ன் ஹார்வர்டிடமிருந்து ஷூட்அவுட்டில் ஜெயித்தபோது, மாப்பிள்ளையே அரை மனதோடுதான் சந்தோஷப்பட்டார். ஆள் அனுப்பியே தீர வேண்டுமென்றால் கோல் விழும் வரை ஆடட்டும். இல்லையென்றால் இருவருக்கும் சமமாகக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகட்டும்.

உங்களில் நான்கைந்து பேர் இப்போது உடற்கல்வி ஆசிரியர்கள். குறுவட்டம், மாவட்டம் எல்லாம் நீங்கள்தான் நடத்துகிறீர்கள். இறுதி ஆட்டம் சமனாகி, இருட்டியும் விட்டால் இப்போது என்ன செய்கிறீர்கள்? சான்றிதழில் என்ன எழுதுகிறீர்கள்? கீழே எழுதுங்கள். கோல்கீப்பரும் படிப்பான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.