அக்டோபர் 14



இது கொஞ்சம் நீளமான பதிவு. கடைசி பெஞ்சுக்காரர்கள் இரண்டு தவணையாகப் படித்துக்கொள்ளலாம்.

ஒரு மாதமாக என் கணினியின் மூலையில் ஓர் அறிவிப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவு முடிகிறதாம். "டீச்சர், புது விண்டோஸ் போட்டாச்சா? என்னென்ன வருதாம்?" என்று உங்களில் மூன்று பேர் வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டீர்கள். தனித்தனியாகப் பதில் போட என் வலது கட்டைவிரல் சம்மதிக்கவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன்.

புதுசு புதுசாக நிறைய வந்திருக்கிறது. ஸ்டார்ட் பொத்தான் இடது மூலையிலிருந்து நடுவுக்கு நகர்ந்துவிட்டது. நோட்பேடில் இப்போது பல தாள்களை ஒரே ஜன்னலில் திறக்கலாம். 'ரார்' கோப்பைப் பிரிக்கத் தனியாக எதையும் நிறுவ வேண்டாம். கணினி மயங்கி விழுந்தால் வருமே ஒரு நீலத் திரை, அது இனிமேல் கறுப்பாம். நம் ஊரில் துக்கத்துக்கு வெள்ளைதானே, அவர்கள் ஊர் வழக்கம் அப்படிப் போலிருக்கிறது.

இதில் எதற்காகவும் நான் காத்திருக்கவில்லை. ஒவ்வொரு புதுப் பதிப்பு வரும்போதும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: தமிழுக்கு என்ன செய்திருக்கிறார்கள்?

இந்த விஷயத்தில் எனக்குப் பொறுமை அதிகம். பொறுமையாக இருக்கக் கற்றுக்கொடுத்ததே தமிழ்99 விசைப்பலகைதான். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. அதற்குப் பின் அந்த விசைப்பலகையை அரசு ஏற்றுக்கொண்டது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய் வலது கைக்கு. கணக்கு டீச்சரான எனக்கே அந்த ஒழுங்கு பிடித்துப்போனது. ஆனால் விண்டோஸுக்குள் அது இல்லை. ஒருமுறை இ-கலப்பை, இன்னொருமுறை என்எச்எம் ரைட்டர் என்று யாராவது தமிழ் ஆர்வலர்கள் உருவாக்கித் தந்ததை நிறுவித்தான் தட்டிக்கொண்டிருந்தோம். விண்டோஸ் 10இன் 2019 மே மாதப் பதிப்பில்தான் தமிழ்99 உள்ளேயே வந்தது. இருபது வருடம்! 1999இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பட்டம் வாங்கி வேலைக்கே போயிருக்கும்.

இப்போது காத்திருப்பது எனக்காக அல்ல, தமிழ் ஐயாவுக்காக. கும்மிடிப்பூண்டிப் பக்கம் எங்கள் பள்ளியில் படித்தவர்களுக்கு 'ஐயா' என்றாலே யாரென்று தெரியும். பெயரைப் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். சிப்காட் வளாகம் விரிந்துகொண்டிருந்த காலத்தில், பள்ளி முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கே போவார் என்று நீங்கள் கிசுகிசுத்துக்கொள்வீர்களே, அதற்கு விடை இதோ. சுற்றுக் கிராமங்களில் இருக்கும் ஏரி, குட்டை, தாங்கல், மேடு, கழனி ஒவ்வொன்றுக்கும் ஊர்க்காரர்கள் சொல்லும் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். எந்தக் கழனியின் மேல் எந்தத் தொழிற்சாலையின் சுற்றுச்சுவர் எழும்பியது என்பதும் அதில் இருக்கிறது. மொத்தம் 41 நோட்டுகள். சிப்காட்டில் வேலை பார்க்கும் உங்களில் பலர் தினமும் வண்டியை நிறுத்தும் இடத்துக்கும் ஒரு பெயர் இருந்தது. ஐயாவிடம் கேட்டால் சொல்வார்.

முதல் எட்டு நோட்டுகளை 2003இல் பொன்னேரியில் ஒரு டிடிபி கடையில் தட்டச்சு செய்து வாங்கினார். அந்தக் கோப்பை இன்று திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளுமாகக் கொட்டிக் கிடக்கிறது. அந்த நாளில் ஒவ்வொரு கடைக்கும் ஓர் எழுத்துரு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றதே 2010இல், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித்தான். மாற்றித் தரும் நிரல்கள் இப்போது இணையத்திலேயே கிடைப்பதால் ஒரு வாரத்தில் அந்த எட்டையும் மீட்டுவிட்டேன். மிச்சம் 33 நோட்டு. ஐயாவுக்குக் கண்ணில் நீர் அழுத்தம். ஒரு கண் போய்விட்டது. இன்னொன்றில் நேராகப் பார்த்தால் தெரிகிறது, ஓரம் தெரியவில்லை. தன் கையெழுத்தைத் தானே பூதக்கண்ணாடி வைத்து மெல்லப் படிக்கிறார். பென்சிலில் எழுதியதும் சுருக்கி எழுதியதும் நிறைய. அவரைத் தவிர வேறு யாராலும் அதைப் படிக்க முடியாது. அவர் படிக்க நான் தட்டச்சு செய்வது என்று ஆரம்பித்தோம். என் விரல் மூட்டு அதற்கு இடம் கொடுக்கவில்லை.

ஆடி மாதம் அண்ணன் மகன் வந்திருந்தபோது அவனுடைய மடிக்கணினியில் விண்டோஸ் 11 இருந்தது. "அத்தை, விண்டோஸ் சாவியோடு எச்-சைச் சேர்த்து அழுத்திட்டுப் பேசுங்க" என்றான். பேசினேன். தமிழ் ஓடி வந்து விழுந்தது! மறுநாளே திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்பினோம். ஒரே மாவட்டம்தான், ஆனால் ரயிலில் போவதென்றால் சென்னைக்குப் போய்த் தடம் மாறித்தான் வர வேண்டும். பையன் காரில் அழைத்துப்போனான்.

ஐயா கணீரென்று படித்தார். இலக்கணத் தமிழ் பேசினால் கணினி அருமையாக எழுதுகிறது. ஆனால் "தாங்கல்" என்று சொன்னால் "தாங்கள்" என்று போடுகிறது! பழவந்தாங்கல், ஐயப்பந்தாங்கல் என்று சென்னைக்காரர்கள் தினமும் சொல்கிற சொல்தான். மழைநீரைத் தாங்கி வைக்கிற சின்ன ஏரி. நம் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு தாங்கல். பத்து வரிக்குள் ஐயா ஏழு தாங்கல் சொன்னார், கணினி ஏழு முறை அவரை மரியாதையாக விளித்தது. "இவ்வளவு மரியாதை எனக்கு வேணாம்மா, ஏரியைக் கொடுக்கச் சொல்லு" என்றார்.

ஆகவே மைக்ரோசாஃப்ட்டில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் இருவரும் கவனிக்கவும். நான் எதிர்பார்க்கும் புது வசதி இதுதான். தமிழில் பேசும்போது, நாம் ஒருமுறை திருத்திக் கொடுத்த சொல்லை அது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட இரண்டாம் முறை சரியாக எழுதும். இன்னொன்று, இணையம் இல்லாவிட்டாலும் அது வேலை செய்ய வேண்டும். ஐயா வீட்டில் சிக்னல் வேண்டுமென்றால் மாமரத்தடிக்குப் போக வேண்டும்.

எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுவது இன்னொரு வேலை. விண்டோஸ் 10லேயே தமிழ் படிக்கும் ஓர் ஆண் குரல் இருக்கிறது, உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தக் குரலுக்குப் பெயர் வள்ளுவர். இணையம் இல்லாமலும் படிப்பார், பாவம், கொஞ்சம் இயந்திரமாகப் படிப்பார். "வள்ளுவருக்குச் சளி பிடிச்சிருக்கா?" என்று கேட்டார் ஐயா. எட்ஜ் உலாவியில் இருக்கும் பல்லவி என்ற பெண் குரல் எவ்வளவோ இயல்பு, ஆனால் அதற்கும் இணையம் வேண்டும். ஆங்கிலத்துக்கு விண்டோஸ் 11இல் இயல்பான குரல்களைக் கணினிக்குள்ளேயே இறக்கி வைத்துக்கொள்ள முடிகிறது. தமிழுக்கும் அது முழுமையாக வந்துவிட்டால் ஐயா யாருடைய துணையும் இல்லாமல் தன் புத்தகத்தைக் கேட்டுத் திருத்துவார். எனக்கு அதுதான் பெரிய எதிர்பார்ப்பு.

சரி, போட்டுவிடலாம் என்று பார்த்தால், என் கணினி லாயக்கில்லையாம்! 2016இல் வாங்கியது, இன்றைக்கும் ஒரு குறை கிடையாது. ஆனால் விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும், என்னுடையது ஆறாம் தலைமுறை. டிபிஎம் 2.0 என்று ஒன்றும் வேண்டும். வங்கி லாக்கர் மாதிரி, கடவுச்சொற்களின் சாவிகளைத் தனியாகப் பூட்டி வைக்கும் பாதுகாப்புப் பகுதி அது. அதைக் கட்டாயமாக்கியதில் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஓடுகிற வண்டியை ஓரங்கட்டச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. இந்த மாற்றத்தால் உலகம் முழுதும் 24 கோடிக் கணினிகள் கழிவாகலாம் என்று 2023 இறுதியில் கனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் கணித்தது. கழிவு எங்கே போகும் என்பது மற்ற ஊர்க்காரர்களுக்குச் செய்தி. நமக்கு அது அடுத்த தெரு. தொழிற்சாலைகளின் அபாயகரமான கழிவைக் கொண்டுவந்து புதைக்கும் பொதுக் கிடங்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள்தான் இருக்கிறது. அந்த இடத்தின் பழைய பெயர்களும் ஐயாவின் நோட்டில் இருக்கின்றன.

"அப்டேட் போடாமலே ஓட்டினால் என்ன டீச்சர்?" என்று லேத் பட்டறை வைத்திருக்கும் மாணவர் கேட்டார். அவருடைய ஒரு இயந்திரத்தை இயக்கும் கணினியில் இன்னமும் விண்டோஸ் எக்ஸ்பி. அதற்கு ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. புது விண்டோஸ் போட்டால் அந்த இயந்திரத்தின் மென்பொருள் ஓடாது, புது இயந்திரம் வாங்க எட்டுப் பேர் வேலை செய்யும் பட்டறையால் ஆகாது. அதனால் அதற்கு இணையம் கிடையாது, யாருடைய பென் டிரைவும் கிடையாது, கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார். அவருக்கு அது சரி. ஆனால் பட்டறையில் பில் போடும், வங்கிக் கணக்குப் பார்க்கும் கணினியை அப்படி விடக்கூடாது என்று சொன்னேன். 2017 மே மாதம் வானாக்ரை என்ற நச்சுநிரல் வந்தது நினைவிருக்கிறதா? அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் இரண்டு மாதத்துக்கு முன்பே வந்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். இங்கிலாந்தில் மருத்துவமனைகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. பணம் கட்டு, கோப்பைத் தருகிறேன் என்றது அது. ஐயாவின் பெயர்ப்பட்டியலை யாரோ பூட்டி வைத்துக்கொண்டு பேரம் பேசினால் நான் என்ன செய்வேன்!

லினக்ஸ் போடச் சொல்கிறார்கள் சிலர். எனக்கு அதில் மரியாதை உண்டு. 2011 செப்டம்பர் 15இல் நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் விலையில்லா மடிக்கணினித் திட்டமே தொடங்கியது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. சி-டாக் சென்னையில் உருவாக்கிய, தமிழ் பேசும் லினக்ஸ். அதை ஒரு நாளாவது திறந்து பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். எல்லோரும் விண்டோஸில் படம் பார்த்தது எனக்குத் தெரியாதா? இருந்தாலும் பழகிய இடத்தை மாற்றினால் ஐயா தடுமாறுவார். பாதிப் பார்வையோடு இருப்பவருக்கு எந்தப் பொத்தான் எங்கே என்பது விரலில் இருக்கிறது.

புதுக் கணினிக்கு 45,000 ரூபாய் ஆகும் என்றான் அண்ணன் மகன். ஓய்வூதியத்தில் அதை ஒதுக்கலாம், ஆனால் அந்தப் பணத்தைப் புத்தகம் அச்சடிக்க வைத்திருக்கிறேன். விசாரித்ததில் ஒரு வழி கிடைத்தது. விண்டோஸ் 10க்கு இன்னும் ஓராண்டு, அதாவது 2026 அக்டோபர் 13 வரை, பாதுகாப்பு அப்டேட்கள் மட்டும் தருகிறார்கள். 30 டாலர் கட்டலாம், அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினியின் அமைப்புகளைச் சேமித்துவிட்டால் கட்டணம் இல்லை. அமைப்புகள் மெனுவில் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு வருகிறது. பழைய கணினி வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் எல்லோரும் போய்ப் பதிந்துவிடுங்கள். பெரியப்பா வீட்டுக் கணினிக்கு நானே வந்து செய்து தருகிறேன்.

புதுச் செயலி எதுவும் இல்லாமலே பேசி எழுத ஒரு மாணவி வழி சொன்னாள். குரோம் உலாவியில் கூகுள் டாக்ஸைத் திறந்து, குரல் தட்டச்சில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் 10லும் வேலை செய்கிறது. வாரம் இரண்டு நாள் ஐயாவை அவர் மகள் என் வீட்டில் கொண்டுவந்து விடுகிறாள். காலையில் படிப்பார், மதியம் வள்ளுவர் திருப்பிப் படிப்பார். இதுவும் தாங்கலைத் தாங்கள் என்றுதான் எழுதுகிறது, நான் மொத்தமாகத் தேடித் திருத்திவிடுகிறேன். ஆனால் எங்கெல்லாம் நிஜமாகவே 'தாங்கள்' வரவேண்டுமோ அங்கேயும் ஏரி வந்துவிடுகிறது! 33 நோட்டில் ஐந்து முடிந்தது. மருத்துவர் கண்ணைப் பற்றி நாள் எதுவும் குறித்துச் சொல்லவில்லை. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல்லியிருக்கிறார். அடுத்த அக்டோபருக்குள் மிச்சம் 28ஐயும் முடித்துவிட வேண்டும் என்று நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளாமலே வைத்துக்கொண்டிருக்கிறோம்.

உங்களிடம் ஓர் உதவி. ஆரம்பாக்கம், எளாவூர், கவரைப்பேட்டை, பொன்னேரிப் பக்கத்துப் பிள்ளைகள் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் உங்கள் ஊர்த் தாங்கல், குட்டை, மேடு இவற்றின் பெயர்களைக் கேளுங்கள். கமெண்டில் எழுத வேண்டாம், பாட்டியையே பேசவிட்டுக் குரல் பதிவாக எனக்கு அனுப்புங்கள். எழுத்தில் வந்தால் ஐயா நம்பமாட்டார். காதால் கேட்டால்தான் ஒப்புக்கொள்வார்.