உட்பகையும் உதைபந்தும்

எதிரணியோடு மோதுவதற்கென்றே ஏற்பட்டது ஆட்டம். அதில் அடிபட்டால் ஆறிவிடும். தோற்றால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால், ஒரே நிறச் சட்டை போட்ட இருவர் திடலின் நடுவே ஒருவர் சட்டையை ஒருவர் பற்றிக்கொண்டால் என்ன செய்வது? நடுவர் விசில் ஊதுவார், அட்டை காட்டுவார். அதற்குப் பிறகு? இருவரும் ஒரே தெருவுக்குத்தானே திரும்பிப் போக வேண்டும்? விளையாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கோப்பைகளைப் பற்றியே எழுதுகிறார்கள். எங்கள் அணியிடம் கோப்பை அதிகம் இல்லாததால் நான் இதைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

வள்ளுவர் உட்பகைக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். செப்பும் அதன் மூடியும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். ஆனால் அவை ஒன்றல்ல. உட்பகை உள்ள குடியும் அத்தகையது என்கிறார். அது அரசியலுக்குச் சொன்னது என்று வகுப்பில் படித்தோம். பதினொரு பேர் கொண்ட கால்பந்து அணிக்கும் அது பொருந்தும் என்பதைச் சூரமங்கலத்தில் கண்டேன்.

சூரமங்கலம் என்றால் வெளியூராருக்குச் சேலம் சந்திப்பு. வண்டி மாறும் இடம். எங்களுக்கோ மாலை ஐந்து மணிக்குக் கஞ்சமலைப் பக்கம் வெயில் சாயும்போது பந்தோடு கூடும் இடம். எங்கள் அணிக்குப் புரவலர் கிடையாது. சம்பளம் வாங்கும் பயிற்சியாளர் கிடையாது. மாதம் ஐம்பது ரூபாய் சந்தா. பந்து, வலை, சுண்ணாம்பு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கணக்கு எழுதுவது என் வேலை. அணியை நடத்துகிறவர் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. 2022இல் அந்தப் பதவிக்கு ரயில் மேலாளர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஆனாலும் எங்களுக்கு அவர் கார்டு மாமாதான். பச்சைக்கொடி காட்டிய கை என்பதால் அவர் கையை உயர்த்தினால் இன்னும் எல்லாரும் ஓட ஆரம்பித்துவிடுவோம்!

இரண்டாண்டுகளுக்கு முன் பக்கத்து ஊரில் நடந்த பொங்கல் போட்டியில் கால் இறுதி ஆட்டம். எங்கள் முன்வரிசைக்காரன் கெட்டிக்காரன். அவன் காலில் பந்து பட்டால் கரையில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். வலப்பக்க ஓரத்தில் ஆடியவன் அவனுடைய ஒன்றாம் வகுப்புத் தோழன். இடைவேளைக்கு முன்பே இருவருக்கும் முணுமுணுப்பு. “பாஸ் குடுடா” என்று இவன், “கொடுத்தா நீ என்ன கிழிச்ச?” என்று அவன். பிறகு ஓரக்காரன் வாயிலிருந்து தோழனின் வீட்டைப் பற்றி ஒரு சொல் வந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். அடுத்த கணம் முன்வரிசைக்காரனின் கை அவன் கன்னத்தில் விழுந்தது.

நடுவர் ஓடிவந்து அடித்தவனுக்குச் சிவப்பு அட்டை காட்டினார். கரையில் ஒரே கூச்சல். “சொந்த ஆளைத்தானே அடிச்சான், அதுக்கு எதுக்குய்யா சிவப்பு அட்டை?” என்றார் ஒரு பெரியவர். நியாயமான ஐயம்தான்! ஆனால் விதி தெளிவாகவே இருக்கிறது. வன்செயல் எதிராளி மேல் நடந்தாலும் தன் அணியான் மேல் நடந்தாலும் வெளியேற்றம்தான். அதோடு எதிரணிக்கு நேரடி உதை ஒன்றும் கிடைக்கும். பத்துப் பேரோடு ஆடி இரண்டு கோல் வாங்கித் திரும்பினோம். வரும்போது வண்டியில் ஒருவரும் பேசவில்லை.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த அவமானம் அன்று. 1995 நவம்பரில், அப்போதைய இங்கிலாந்துச் சாம்பியனான பிளாக்பர்ன் அணி மாஸ்கோவில் ஆடியபோது, ஒரே பந்துக்கு ஓடி முட்டிக்கொண்ட லெ சோவும் பாட்டியும் கைகலந்தார்கள். குத்திய லெ சோவின் கையே முறிந்தது. 2008 டிசம்பரில் ஸ்டோக் அணியின் ஃபுல்லர் தன் தலைவர் கிரிஃபினையே அறைந்து வெளியேறினார். எல்லாவற்றிலும் பெயர் பெற்றது நியூகாசிலின் கதை. 2005 ஏப்ரல் 2ஆம் நாள், ஆஸ்டன் வில்லாவிடம் மூன்று கோல்கள் பின்தங்கியிருந்த வேளையில் போயரும் டையரும் அடித்துக்கொண்டார்கள். பிரித்துவிட்டவர்களுள் எதிரணியின் பாரியும் ஒருவர்! இருவருக்கும் சிவப்பு அட்டை. முன்னதாகவே ஒருவர் வெளியேறியிருந்ததால் எட்டுப் பேரோடு ஆட்டம் முடிந்தது. அந்தச் சண்டைக்கும் மூலம், ‘எனக்கு ஏன் பந்து தரவில்லை’ என்பதுதான். சீமையானாலும் சேலமானாலும் பாஸ் கொடுக்காத கோபம் ஒன்றே போலும்.

நியூகாசில் என்ன செய்தது? ஆட்டம் முடிந்ததும் மேலாளர் சூனஸ் இருவரையும் தம் இருபுறமும் உட்காரவைத்துப் பத்திரிகைக்காரர்முன் மன்னிப்புக் கேட்கவைத்தார். போயருக்குக் கழகம் ஆறு வாரச் சம்பளத்தை அபராதமாக விதித்தது. கால்பந்துச் சங்கம் தடையை நீட்டியது. 2006இல் நீதிமன்றமும் தன் பங்குக்கு ஓர் அபராதம் போட்டது. இத்தனையும் நடந்த பின், 2007இல் டையர் வெஸ்ட் ஹாம் அணிக்குப் போனார். அங்கே ஏற்கெனவே இருந்தவர் யார் தெரியுமா? போயர்! மறுபடியும் ஒரே சட்டை.

எங்கள் அணியின் கூட்டம் மறுநாள் மாலை திடலோரத்தில் நடந்தது. அடித்தவனை நீக்கிவிட வேண்டும் என்றனர் சிலர். அவன் இல்லாவிட்டால் கோல் போடுவது யார் என்றனர் வேறு சிலர். ஐந்நூறு ரூபாய் அபராதம் என்றான் ஒருவன். என் நோட்டில் அவனுக்கு மூன்று மாதச் சந்தா பாக்கி. ஐந்நூறை யார் வசூலிப்பது? சம்பளம் தரும் கழகம் சம்பளத்தைப் பிடிக்கலாம். கையில் ஒன்றும் கொடுக்காத அணி எதைப் பிடிப்பது?

அப்போதுதான் கார்டு மாமா பேசினார். தென்னக ரயில்வே அணிக்கு ஆடுகிறவர் ஆட்டக்காரர் மட்டுமல்லர், ரயில்வே ஊழியரும்கூட. ஊழியருக்கு 1968ஆம் ஆண்டின் ஒழுங்கு, மேல்முறையீட்டு விதிகள் உண்டு. அதில் கண்டனம் உண்டு, சம்பள உயர்வை நிறுத்துவது உண்டு. குடும்பத்தோடு பயணம் செய்யத் தரும் பாஸை நிறுத்துவதும் ஒரு தண்டனை. “கண்டனம் வந்தா மடிச்சுப் பையில வெச்சுக்குவான் கண்ணு. பாஸ் நின்னுபோச்சுன்னா வீட்டுல பதில் சொல்லணும். அதான் வலிக்கும்” என்றார். பிறகு தீர்ப்பையும் அவரே சொன்னார்: “இவனுங்க சண்டையும் பாஸுக்குத்தான். பாஸை நிறுத்திருவோம். ரெண்டு பேருமே மூணு ஆட்டம் வெளிய. ஆனா தெனமும் பயிற்சிக்கு வரணும். எதிரும் புதிருமா நின்னு இருபது நிமிஷம் பந்து தட்டணும்.”

“ரெண்டு பேருமா? நான் அடி வாங்குனவனுங்க மாமா!” என்று எழுந்தான் ஓரக்காரன்.

“கைய நடுவர் பாத்தாரு, அட்டை குடுத்துட்டாரு. வாய நாங்க கேட்டோம்ல?” என்றார் மாமா.

இந்த இடத்தில்தான் என் மனம் இன்றும் தங்கி நிற்கிறது. நடுவர் கண்ட குற்றத்துக்கே நடுவர் தண்டனை தர முடியும். ஆறு மாதமாக யார் யாரை எப்படிக் குத்திப் பேசினார் என்பது அணிக்கு மட்டுமே தெரியும். அட்டை வாங்கியவனை மட்டும் ஒதுக்கிவிட்டு அமைதி திரும்பியதாக நினைக்கும் அணிகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் அடுத்த சண்டை வேறு இருவரிடம் தொடங்குகிறது. 2010 உலகக் கோப்பையின்போது பிரெஞ்சு அணியில் அனெல்கா பயிற்சியாளரைத் திட்டியதாகச் சொல்லி ஊருக்கு அனுப்பினார்கள். மறுநாளே மற்ற ஆட்டக்காரர் அனைவரும் பயிற்சிக்கு இறங்க மறுத்துப் பேருந்தில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஒருவரை வெளியேற்றியதால் உள்ளே இருந்த புகைச்சல் அடங்கவில்லை.

ஆனால் மாமாவின் தீர்ப்புக்கு விலை இருந்தது. அந்த மூன்று ஆட்டங்களுள் ஒன்று, தேர்வாளர்கள் பார்க்க வரும் ஆட்டம். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை என்பது முன்வரிசைக்காரனின் வீட்டில் எல்லாரும் சேர்ந்து கண்ட கனவு. அவன் தந்தை மாமாவின் வீட்டுக்கு வந்து, “ஒரு ஆட்டம் மட்டும் விடுங்கண்ணா” என்று கேட்டார். அவன் ரயில்வேயில் சேர வேண்டும் என்று எங்களைவிட அதிகம் ஆசைப்பட்டவர் மாமாதான். “ஒருத்தனுக்கு விட்டா மத்தவனுக்கு என்ன சொல்றதுங்க?” என்றாரே ஒழிய இசையவில்லை. என்னைக் கேட்டிருந்தால் மூன்றை இரண்டாக்கியிருப்பேன். என்னை யாரும் கேட்கவில்லை.

முன்வரிசைக்காரன் ஒரு வாரம் கழித்து வந்து, துணை இல்லாததால் சுவரைப் பார்த்துப் பந்து தட்டினான். அந்த ஆண்டு அவனுக்குத் தேர்வு கிடைக்கவில்லை. மறு ஆண்டு மாவட்ட அளவில் ஆடினான். வேலை இன்னும் வரவில்லை. ஓரக்காரனோ திடல் பக்கமே தலைகாட்டவில்லை. சந்திப்புக்கு எதிரிலுள்ள தேநீர்க் கடையில் என்னைக் கண்டால் கைப்பேசியில் மூழ்கிவிடுவான். இருவரும் இல்லாமல் நாங்கள் ஆடிய ஆட்டங்களைப் பற்றி எழுதாமல் இருப்பதே நலம்.

வைகாசிக் கடைசியில் ஒரு நாள் அவன் வந்தான். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மாமா சுவரருகே நின்றவனைக் காட்டி, “அங்க போ” என்றார். இருபது நிமிடம் இருவரும் பேசாமல் பந்து தட்டினார்கள். முதலில் பந்து மிக வேகமாகப் போயிற்று. காலைக் குறிபார்த்து உதைத்தார்கள் என்றே நினைக்கிறேன். போகப் போக வேகம் குறைந்தது.

இருட்டியபின் அவன் என்னிடம் இருநூறு ரூபாயை நீட்டினான். வராத நான்கு மாதத்துக்கும் சந்தா வாங்கலாமா என்று எனக்குக் குழப்பம். மாமாவைப் பார்த்தேன்.

“வாங்கிக்க. அவன் பேரை நாம எப்ப அடிச்சோம்?” என்றார்.

நான்கு மாதத்தையும் தனித்தனி வரியாக எழுதி ரசீது கொடுத்தேன்.