கணக்கில் வராத சக்கரங்கள்

பெயரென்பது அழைப்பதற்கு மட்டும் உரியதன்று; அறிவிப்பதற்கும் உரியது. மூட்டையின்மேல் வணிகர் இடும் குறியைக் கண்ட மாத்திரத்தில், சரக்கு இன்னது, தரம் இன்னது, போய்ச் சேரவேண்டிய ஊர் இன்னது என்று அவிழ்த்துப் பாராமலே கூறிவிடலாம். தோல் மண்டியில் கணக்கெழுதிய குடும்பத்தில் பிறந்தவனாகையால், இத்தகைய குறிகளின்மீது எனக்கு இளமைதொட்டே ஒரு பற்று உண்டு. ஜப்பானிய ரயில்வேயின் பழைய டீசல் இஞ்சின்கள்பால் என் கருத்துச் சென்றதும் அந்தப் பற்றினாலேயே.

ஜப்பானிய தேசிய ரயில்வே தன் இஞ்சின்களுக்குப் பெயரிட்ட முறை மிக எளியது. முதலெழுத்து 'டி' என்றிருந்தால் டீசல். 'ஈ' என்றிருந்தால் மின்சாரம். இரண்டாம் எழுத்து, வண்டியை இழுக்கும் சக்கர அச்சுகள் எத்தனை என்பதைச் சொல்லும். 'பி' என்றால் 2, 'சி' என்றால் 3, 'டி' என்றால் 4, 'ஈ' என்றால் 5, 'எஃப்' என்றால் 6. அதன்பின் வரும் எண் வேகத்தைக் குறிக்கும். 10 முதல் 49 வரையுள்ளவை மணிக்கு 85 கிலோமீட்டருக்கு மிகாதவை. 50 முதல் 89 வரையுள்ளவை அதனினும் விரைந்து செல்லக்கூடியவை. 90 முதல் 99 வரையுள்ளவை சோதனைக்காகச் செய்யப்பட்டவை. ஆகவே 'டி.டி.51' என்று எழுதியிருந்தால், டீசலில் ஓடுவது, நான்கு அச்சுகளால் இழுப்பது, 85 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகம் உடையது என்பதை அந்த இஞ்சினை ஒருநாளும் காணாதவரும் அறிந்துகொள்வார்.

நம் நாட்டிலும் இத்தகைய குறிகள் உண்டு. 'டபிள்யூ.டி.எம்.' என்பதில் முதலெழுத்து அகலப் பாதையையும், இரண்டாவது டீசலையும், மூன்றாவது பயணிவண்டி, சரக்குவண்டி இரண்டுக்கும் பொதுவான பணியையும் குறிக்கும். ஆனால் ஜப்பானியர் பணியைச் சொல்லாமல் அச்சுகளை எண்ணினர். அதற்குக் காரணம் இருந்தது. அவர்களுடைய பாதை 1,067 மில்லிமீட்டர் அகலமே கொண்ட குறுகிய பாதை. கிளைப் பாதைகளில் தண்டவாளமும் பாலமும் மெலிந்தவை. அங்கே ஓர் இஞ்சினின் வலிமையைவிட, அதன் ஓர் அச்சு தண்டவாளத்தின்மேல் எத்தனை டன் எடையை அழுத்துகிறது என்பதே பெரிய கேள்வி.

டீசலின் வரவு ஒரே நாளில் நிகழ்ந்துவிடவில்லை. 1957-இல் வந்த டி.எஃப்.50, டீசலால் மின்சாரம் உண்டாக்கி, அம்மின்சாரத்தால் சக்கரங்களைச் சுழற்றியது. அதன் இஞ்சின் அயல்நாட்டாரின் உரிமம் பெற்றுச் செய்யப்பட்டது. 1958-இல் டி.டி.13 வந்தது, யார்டுகளில் பெட்டிகளைச் சேர்ப்பதும் பிரிப்பதும் அதன் முதன்மையான பணி. 416 இஞ்சின்கள் செய்யப்பட்டன. பின்னர் 1962-இல் நெடும்பாதைகளுக்கென டி.டி.51 பிறந்தது. 1978 வரை 649 இஞ்சின்கள் உருவாயின. 1966 முதல் 1978 வரை கிளைப் பாதைகளுக்கும் யார்டுகளுக்குமாக 708 டி.ஈ.10 இஞ்சின்கள் வெளிவந்தன. நீராவி இஞ்சின் இழுத்த கடைசிப் பயணிவண்டி 1975 டிசம்பர் 14 அன்று ஹொக்கைடோவில் ஓடி ஓய்ந்தது. அந்த ஓய்வை இயல்வதாக்கியவற்றுள் டி.டி.51-க்குப் பெரும்பங்கு உண்டு.

டி.டி.51 இயங்கும் விதம் கூர்ந்து நோக்கத் தக்கது. ஓட்டுநர் அறை நடுவில் இருக்கும். அதன் முன்னும் பின்னும் தாழ்ந்த கூடுகளுக்குள் 1,100 குதிரைத்திறன் கொண்ட இஞ்சின் ஒவ்வொன்று. இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையே எண்ணெய் நிறைந்த ஒரு கலம் உண்டு. இஞ்சின் அந்த எண்ணெயைச் சுழற்றி வீசும். வீசப்பட்ட எண்ணெய் எதிரேயுள்ள சக்கரத் தகடுகளில் மோதி அவற்றைச் சுழலச் செய்யும். அச்சுழற்சி தண்டுகளின் வழியாக அச்சுகளைச் சேரும். மின்னாக்கியும் மின்மோட்டார்களும் வேண்டாமையால் எடை குறைகிறது. எடை குறைந்தால் மெலிந்த பாதையிலும் செல்லலாம்.

கியோட்டோ ரயில்வே அருங்காட்சியகத்தில் ஒரு டி.டி.51 இஞ்சினை உயர்த்தி நிறுத்தியிருக்கிறார்கள். அதன் அடிவயிற்றின்கீழ் நின்று அண்ணாந்து பார்க்கலாம். மகளும் மருமகனும் அழைத்துச் சென்றபோது என் பேத்தியும் உடன் வந்திருந்தாள். முன்னிரண்டு அச்சுகள், பின்னிரண்டு அச்சுகள், அவற்றுக்கு நடுவே வேறிரண்டு அச்சுகள் என்று எண்ணிய அவள், “நாலு என்றுதானே சொன்னீர்கள் நன்னா? இங்கே ஆறு இருக்கிறதே! நடுவில் உள்ளவை சும்மாவா வருகின்றன?” என்று கேட்டாள்.

கேள்வி சரியானதே. நடுவிலுள்ள இரண்டு அச்சுகளையும் எந்தத் தண்டும் சுழற்றுவதில்லை. அவை இழுப்பதில்லை, ஆதலால் பெயரிலும் இடம்பெறவில்லை. ஆனால் இஞ்சினின் எடை ஏறக்குறைய 84 டன். நான்கு அச்சுகள் மட்டும் அதைச் சுமந்தால் ஒவ்வொன்றின்மீதும் 21 டன் விழும். அதனை அந்நாட்டுப் பாதைகள் பெரும்பாலும் தாங்கமாட்டா. ஆறு அச்சுகள் பகிர்ந்துகொள்வதால் சுமை ஏறத்தாழ 14 டன்னாகக் குறைகிறது. இழுக்காத அச்சுகள் இல்லையேல், இழுக்கும் அச்சுகள் அந்தப் பாதையில் காலெடுத்து வைக்கவே இயலாது. “சும்மா வரவில்லையம்மா, சுமந்து வருகின்றன” என்றேன்.

அதைச் சொன்னபோது எனக்கு என் உம்மாவின் நினைவு வந்தது. நான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் குடும்பத்தைப் பற்றிய ஒரு படிவத்தில், வாப்பாவின் பெயருக்கு எதிரே 'கணக்கர்' என்றும், உம்மாவின் பெயருக்கு எதிரே 'தொழில்: ஒன்றுமில்லை' என்றும் எழுதப்பட்டிருந்தது. பதினோரு பேர் உண்ட வீட்டின் அடுப்பும், படுக்கையில் கிடந்த பாட்டியாரின் பணிவிடையும், பிள்ளைகளின் படிப்பும் அந்த ஒன்றுமில்லைக்குள் அடங்கியிருந்தன. எழுதியவரைக் குறை கூற மாட்டேன். ஈட்டுவோரை எண்ணுவதற்கென வகுத்த கட்டம் அது. தாங்குவோரை எண்ண அதில் இடமில்லை.

ஆயினும் இந்த ஒப்புமையை அளவுக்கு மீறி இழுத்தல் தகாது. சுமப்பது மட்டுமே போதும் என்று இஞ்சின் நமக்குச் சொல்லவில்லை. 2011 மார்ச் 11 அன்று நேர்ந்த பெரும் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வடகிழக்கு ஜப்பானின் முதன்மை ரயில்பாதையைத் துண்டித்தன. கடுங்குளிரில் எரிபொருள் இன்றி மக்கள் தவித்தனர். யோகோஹாமாவின் நெகிஷியிலிருந்து எண்ணெயைச் சுற்றுவழியாக நீகாட்டாவுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து பன்எட்சு மேற்குப் பாதையில் மலைகளைக் கடந்து கோரியாமாவில் சேர்ப்பது என்று முடிவாயிற்று. அப்பாதையின் ஒரு பகுதியில் மின்கம்பிகள் இல்லை. ஆகவே தொலைவிலிருந்தெல்லாம் பழைய டி.டி.51 இஞ்சின்கள் வரவழைக்கப்பட்டன. மார்ச் 26 முதல், இரண்டிரண்டாக இணைக்கப்பட்டு, பத்து எண்ணெய் வண்டிகளை அவை இழுத்தன.

முதல் வண்டியே பனி படிந்த ஏற்றத்தில் சக்கரம் வழுக்கி நின்றுவிட்டது. எடையின் ஒரு பங்கை நடு அச்சுகள் ஏற்றுக்கொள்வதால், இழுக்கும் சக்கரங்களின் பிடிப்பு அந்த அளவுக்குக் குறைவதும் உண்மையே. அப்போது பின்னால் வந்து உந்தித் தள்ளியது ஒரு டி.ஈ.10. அதற்கு ஐந்து அச்சுகள், ஐந்தும் இழுப்பவை. தாங்குதலும் வேண்டும், பற்றுதலும் வேண்டும். ஒன்றின் குறையை மற்றொன்று நிறைத்தபோது எண்ணெய் மலையைக் கடந்தது. டி.டி.51 இஞ்சின்கள் 2021 மார்ச்சில் சரக்கு ரயில் நிறுவனத்தின் அன்றாடப் பணியிலிருந்து விடைபெற்றன.

இன்னொன்றும் கூறவேண்டும். பெயரில் விடுபட்டதை ஜப்பானியப் பொறியாளர்கள் வேறோர் ஏட்டில் எழுதி வைத்திருந்தனர். சக்கரங்களின் அமைப்பைக் குறிக்கும்போது அவர்கள் டி.டி.51-ஐ 'பி-2-பி' என்பார்கள். இழுக்கும் அச்சுகளுக்கு எழுத்து; தாங்கும் அச்சுகளுக்கு எண். ஒரு பாலம் இந்த இஞ்சினைத் தாங்குமா என்று முடிவு செய்ய வேண்டியவர் பெயரோடு நில்லாமல் இந்தக் குறியையும் பார்க்க வேண்டும். அந்த நடு எண்ணை மறந்துவிட்டு அவரால் கணக்கை முடிக்க இயலாது. குடும்பத்தின் கணக்கை எழுதுவோரும் அந்த இரண்டாம் ஏட்டை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நன்று.